அப்பாவை மட்டும் கடித்த முறுக்கு

"எங்க வீட்டுப் பாம்பு கடிக்குது" என்று போன் வந்தால், அது என்ன வகை, எவ்வளவு நீளம் என்று உடனே ஆரம்பித்துவிடாதீர்கள். அந்த வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், யார் எந்த வேலையைப் பார்க்கிறார்கள் என்று முதலில் கேளுங்கள். பாம்பைப் பற்றி அப்புறம் பேசிக்கொள்ளலாம், அது எங்கேயும் போய்விடாது. போய்விட்டால் அது வேறு மாதிரி போன், அதற்கு வேறு வைத்தியம்.

நான் நாமக்கல் பக்கத்துக்காரி. கால்நடை மருத்துவம் படித்துவிட்டுக் கோழிப்பண்ணை டாக்டராகத் தொழிலை ஆரம்பித்தவள். கல்யாணமாகி டெக்சாஸுக்கு வந்து, இங்கே மறுபடியும் பரீட்சை எழுதி, இர்விங்கில் ஒரு கிளினிக்கில் சேர்ந்தபோது, "கோழி பார்த்த டாக்டர்தானே, நாய் பூனை தவிர மற்றதெல்லாம் நீங்களே பாருங்கள்" என்று கிளி, ஆமை, பல்லி, பாம்பு அத்தனையையும் என் தலையில் கட்டிவிட்டார்கள். ஊரில் கொட்டகைக்குள் பாம்பு வந்தால் "கம்பை எடுங்கடா" என்று கத்திக்கொண்டு முதல் ஆளாக வெளியே ஓடியவள் நான். என்னைப் பாம்பு டாக்டர் ஆக்கிப் பார்க்க வேண்டும் என்று யாருக்கு ஆசை வந்ததோ தெரியாது. இர்விங் தமிழர்களுக்கு நான் இன்றைக்கும் 'பாம்பு ஆன்ட்டி'தான். பொங்கல் விழாவுக்குப் போனால் குழந்தைகள் என் ஹேண்ட்பேகை எட்டிப் பார்ப்பார்கள்.

புதிதாக இந்த வேலைக்கு வந்திருக்கும் நீங்கள் என்னைவிட நிறையப் படித்தவர்கள். பாம்புப் பெட்டியில் எவ்வளவு சூடு இருக்க வேண்டும், எதை எப்போது தின்னக் கொடுக்க வேண்டும் என்பதையெல்லாம் நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. ஆனால் எதிரில் ஒருவர் அலறிக்கொண்டு நிற்கும்போது நம் கை என்ன செய்கிறது, வாய் என்ன சொல்கிறது என்பது புத்தகத்தில் இல்லை. எனக்குச் சொல்லத் தெரிந்தது அது ஒன்றுதான், ஆகவே அதைச் சொல்கிறேன்.

நான் சேர்ந்த புதிதில் எனக்கு மேலே ஒரு பெரிய டாக்டர் இருந்தார். டெக்சாஸ்காரர், நல்ல உயரம், ஆபரேஷன் நாளில்கூடக் கவ்பாய் பூட்ஸ்தான். ஒரு நாள் ஒரு மலைப்பாம்பு அவர் முன்னங்கையைக் கவ்விப் பிடித்துக்கொண்டது. அதை வளர்க்கும் அம்மாள் போட்ட கூச்சலில் வெயிட்டிங் ரூமில் இருந்த நாய்களெல்லாம் ஊளையிட ஆரம்பித்துவிட்டன. நான் பாய்ந்துபோய் வாலைப் பிடித்து இழுக்கப் பார்த்தேன். அவர் தலையை மட்டும் ஆட்டி வேண்டாம் என்றார். நிதானமாக நடந்து போய்க் குழாயைத் திறந்து, பாம்பின் வாய்மேல் தண்ணீர் படும்படி கையை நீட்டிக்கொண்டு, அந்த அம்மாளிடம், "வெயில் கொளுத்துகிறதே, காரை நிழலில்தானே விட்டீர்கள்?" என்று விசாரித்தார். அந்த அம்மாள் பதில் சொல்வதற்காகக் கூச்சலை நிறுத்தினாள். கொஞ்ச நேரத்தில் பாம்பு தானாக வாயைத் திறந்து விட்டுவிட்டது.

பாம்பின் பல் உள்பக்கமாக வளைந்திருக்கும். இழுத்தால் நம் சதையும் கிழியும், அதன் பல்லும் உடையும். இது அவருக்குத் தெரியும், எனக்கும் படித்த ஞாபகம் இருந்தது. ஆனால் படித்தது என் கைக்கு எட்டவில்லை. அப்புறம் அவர் பின்னறைக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு, வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்தார். அந்த வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. கத்துவதாக இருந்தால் பின்னறையில் கத்த வேண்டும் என்பதை அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

இனி முறுக்கின் கதைக்கு வருகிறேன்.

நான் ரிட்டயர் ஆவதற்குக் கொஞ்ச காலம் முன்பு, ஒரு சனிக்கிழமை காலையில் செந்தில் என்பவர் போன் செய்தார். கரூர்க்காரர், இங்கே இர்விங்கிலேயே லாஸ் கொலினாஸில் ஐ.டி. வேலை.

"டாக்டர், நீங்க வீட்டுக்கு வர முடியுங்களா? கிளினிக்குக்குத் தூக்கிட்டு வர எனக்குத் தைரியம் பத்தலைங்க. பொண்ணோட பாம்பு. கிங் ஸ்நேக். பேரு முறுக்கு."

கிங் ஸ்நேக் என்றதும் ராஜநாகம் என்று பயந்துவிட வேண்டாம். இரண்டுக்கும் சம்பந்தமே கிடையாது. இது விஷமில்லாத, கறுப்பில் வெள்ளைப் பட்டை போட்ட பாம்பு. சுருண்டு கிடக்கும்போது பார்த்தால் அந்தப் பெயர் சரிதான் என்று தோன்றும்.

"எல்லாரையும் கடிக்குதா?" என்று கேட்டேன்.

"இல்லைங்க. என்னை மட்டும்." ஸ்கூலில் வாத்தியாரிடம் புகார் சொல்லும் பையனின் குரல் அது. "பக்கத்து ஊர் ஃபோர்ட் வொர்த்ல ஒரு லேடி இதை எடுத்து வளர்த்துக்கறேன்னு சொல்லிட்டாங்க. தீபாவளிக்கு முன்னாடி வர்றாங்க. பண்டிகைக்கு வீட்டுக்கு நாலு பேர் வருவாங்க, யாரையாவது கடிச்சு வெச்சா என்னங்க பண்றது? குடுக்கறதுக்கு முன்னாடி ஒரு செக்கப் பண்ணிட்டா நல்லாருக்கும். சீக்கோட ஒருத்தர் தலையில கட்டக் கூடாதில்லைங்களா."

மனுஷன் நேர்மையானவர் என்று நினைத்துக்கொண்டு கிளம்பினேன்.

வீட்டுக்குள் நுழையும்போதே துளசி வாசனை. ஹாலில் பெருமாள் படத்துக்கு மாலை, முன்னால் மாவிளக்கு. செந்திலின் மனைவி கவிதா காபியோடு வந்தார். மகள் யாழினி தன் ரூமில் பாம்புத் தொட்டிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். எட்டாம் வகுப்பு. கண் இரண்டும் வீங்கியிருந்தன.

"ஹி இஸ் நாட் பேட், ஆன்ட்டி," என்றாள். அப்பாவின் பக்கம் திரும்பவே இல்லை.

"ஃபோர்ட் வொர்த் மேட்டர் சொன்னதுல இருந்து எங்கூடப் பேசறதில்லைங்க," என்றார் செந்தில். "'மாம், டெல் டாட்'னு எல்லாம் அவங்கம்மா வழியாத்தான் வருது. நான் பக்கத்துலயேதான் நின்னுட்டு இருப்பேன்."

சிரிப்பாகச் சொல்ல முயன்றார். ஆனால் அந்த மனுஷனுக்கு அது எவ்வளவு வலித்தது என்று முகத்திலேயே தெரிந்தது. பெண்ணுக்கு அந்தப் பாம்பு போனால் உலகமே போன மாதிரி. இவருக்குப் பாம்பு இருந்தால் கை போகும், போனால் பெண் போவாள்.

நான் தொட்டியைத் திறப்பதற்குள் செந்தில், "இருங்க டாக்டர், நானே காட்டறேன். என் கையைப் பார்த்தாப் போதும்" என்று மேல்மூடியைத் தள்ளிக் கையை உள்ளே விட்டுவிட்டார். வேண்டாம் என்று நான் சொல்ல வாயெடுத்ததோடு சரி. முறுக்கு ஒரே பாய்ச்சலில் அவர் கட்டைவிரல் மேட்டைக் கவ்வி, மணிக்கட்டைச் சுற்றிக்கொண்டு, மென்று தின்பதுபோல் தாடையை அசைக்க ஆரம்பித்தது.

"அய்யோ அம்மா!" என்று செந்தில் கையை உதறினார். "அப்பா, டோன்ட் புல்!" என்று யாழினி அலறினாள். சமையலறையிலிருந்து கவிதா ஓடி வந்தார், கையில் தேங்காய் வெட்டும் கத்தி.

"செந்தில், உதறாதீங்க. கையை நெஞ்சோட வெச்சுக்குங்க," என்றேன். "கவிதா, கத்தியை வெச்சிட்டுப் போய்த் தண்ணியைத் திறங்க."

"எங்கீங்க?"

"கிச்சன் சிங்க்லதான்."

"அய்யய்யோ, பெருமாள் வெளக்கு ஊற வெச்சிருக்கேனுங்க அதுல!"

இந்தப் பெண்ணை நான் ஒருநாளும் மறக்க மாட்டேன். புருஷன் கையில் பாம்பு தொங்குகிறது. இவர் முதலில் விளக்கை எடுத்து, துடைத்து, மேடையில் வைத்துவிட்டுத்தான் குழாயைத் திறந்தார். சிரிக்காதீர்கள். அவரவர் பதற்றத்தில் அவரவருக்கு ஒரு வரிசை இருக்கும். நாம் அதோடு சண்டை போட்டால் இன்னும் நேரமாகும்.

செந்திலைச் சிங்க்குக்கு அழைத்துப்போய், பச்சைத் தண்ணீரை மெல்லப் பாம்பின் முகத்தில் படவிட்டேன். பெரிய டாக்டரின் ஞாபகம் வந்தது. "கவிதா, உங்களுக்கு எந்த ஊரு?"

"குளித்தலைங்க..." என்றார், கண்ணைப் பாம்பிலிருந்து எடுக்காமல்.

"காவேரியில இப்பத் தண்ணி வருதா?"

"வருதுங்களாம். அண்ணன் போன்ல சொன்னாரு..." அவர் அண்ணனைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே முறுக்கு வாயை விட்டுவிட்டது. யாழினி இரண்டு கையாலும் அதை வாங்கிக்கொண்டு, "ஆர் ஹிஸ் டீத் ஓகே, ஆன்ட்டி?" என்று அழுதாள்.

"எங்கையி ஓகேவான்னு கேக்கறதுக்கு இந்த வீட்டுல ஒரு நாதியில்லை பாருங்க," என்றார் செந்தில். சோப்புப் போட்டுக் கழுவிப் பார்த்தால் ஊசி குத்தினாற்போல் ஒரு வரிசைப் புள்ளி, அவ்வளவுதான். ஆனால் பயம் புள்ளியளவு இல்லை.

பாம்பை வாங்கித் தடவிப் பார்த்தேன். முதுகெலும்பு விரலில் தட்டியது. பயத்தில் கடிக்கிற பாம்பு கடித்த உடனே விட்டுவிட்டு ஒளிந்துகொள்ளும். இது விடாமல் மென்றது. கோபமும் இல்லை, பயமும் இல்லை, இது பசி.

"கடைசியா எப்பச் சாப்பிட்டான்?" என்று கேட்டேன்.

மூன்று பேரும் மூன்று பக்கம் பார்த்தார்கள். "ரெகுலராத்தாங்க..." என்று செந்தில் இழுத்தார். யாழினி உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

இந்த இடத்தில்தான் என் கோழி டாக்டர் மூளை வேலை செய்தது. நாமக்கல்லில் புரட்டாசி பிறந்தால் முட்டை விலை இறங்கும், பண்ணைக்காரர்கள் முகம் தொங்கும். நாடே கவிச்சியை நிறுத்திவிடும். ஹாலில் மாவிளக்கு எரிகிறது. நானே அந்த மாதம் கறி தொடாமல்தான் இருந்தேன். என் பெரிய டாக்டராக இருந்தால் தலைகீழாக நின்றாலும் இது அவருக்குத் தோன்றியிருக்காது.

"ஏங்க, புரட்டாசி பிறந்ததுல இருந்து இவனுக்கும் நிறுத்திட்டீங்களா?"

கவிதா சட்டென்று பேச ஆரம்பித்தார். "பின்ன என்னங்க பண்றது? மாசம் பொறக்கறதுக்கு முந்தின நாளே ஃப்ரிட்ஜ், ஃப்ரீசர் எல்லாம் கழுவி வெச்சாச்சு. ஒரு துண்டு மீன் இல்லை. இதுக்குன்னு எலியை மட்டும் எப்படிங்க உள்ள வெச்சுக்கறது?"

"கூகுள்ல பார்த்தேங்க," என்றார் செந்தில். "பாம்பு மாசக்கணக்கா சாப்பிடாம இருக்கும்னு போட்டிருந்தது. நாங்களே சிக்கன் இல்லாம இருக்கோம், இவன் ஒரு மாசம் இருக்க மாட்டானான்னு..."

"நல்லா வளர்ந்த பாம்பு இருக்கும். இது வளர்ற புள்ள."

"ஐ டோல்ட் தெம்," என்றாள் யாழினி.

எனக்குச் சிரிப்பு பொங்கிக்கொண்டு வந்தது, அதோடு கோபமும். இரண்டையும் அடக்கிக்கொண்டேன். தம்பி தங்கைகளே, இந்த இடத்தை நன்றாகக் கவனியுங்கள். அந்த நிமிஷம் நான் ஒரு வார்த்தை கடிந்து சொல்லியிருந்தால், அவர்கள் மரியாதையாகக் காபி கொடுத்து அனுப்பிவிட்டு, அன்று சாயங்காலமே ஃபோர்ட் வொர்த்துக்குப் போன் போட்டிருப்பார்கள். அவர்கள் கொடுமைக்காரர்கள் இல்லை. முறுக்கை வீட்டில் ஒருத்தனாக நினைத்துவிட்டார்கள், அதுதான் வினை. வீட்டில் ஒருத்தன் என்றால் விரதத்திலும் ஒருத்தன்தானே!

"விரதம் நீங்க இருங்க, கவிதா. நானும்தான் இருக்கேன்," என்றேன். "இவன் யாருக்கும் வேண்டிக்கலையே. இவனுக்கு எதுக்கு?"

கவிதா ஹால் பக்கம், பெருமாள் படத்தைத் திரும்பிப் பார்த்தார். அன்றைக்குப் புரட்டாசிச் சனிக்கிழமை வேறு. மாதம் முழுக்கத் தேடினாலும் எலி கொடுப்பதற்கு அதைவிட மோசமான நாள் கிடைக்காது.

செந்தில் சமாதானத்துக்கு வந்தார். "நான் போய் வாங்கிட்டு வந்துடறேன். கராஜ்ல வெச்சுக் குடுத்துக்கலாம். வீட்டுக்குள்ள வராது."

"கராஜா?" என்று கவிதா நிமிர்ந்தார். "அங்க அடிக்கிற வெக்கையில நாமளே அஞ்சு நிமிஷம் நிக்க முடியறதில்லை. வயித்துக்கு இல்லாம கெடக்கறவனைக் கொண்டுபோய் அங்க வெப்பீங்களா? அவன் எடத்துலயே குடுங்க. நான் அப்புறம் தலைக்கு ஊத்திட்டு வெளக்கேத்திக்கறேன்."

எனக்கு அந்தப் பெண்ணைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. தேங்காய்க் கத்தியோடு ஓடி வந்தவரும் இவரேதான்.

செந்தில் கடைக்குப் போய் உறைந்த எலி ஒன்றை வாங்கி வந்து, வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டு இளக்கினார். அதற்குள் முறுக்கும் அடங்கியிருந்தான். ஆனால் கொடுக்கிற நேரத்தில் செந்தில் எலியின் வாலை இரண்டு விரலில் பிடித்துக்கொண்டு தொட்டிக்குப் போனார் பாருங்கள், எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"எப்பவும் கையாலதான் குடுப்பீங்களா? இடுக்கி இல்லையா?"

"இருந்ததுங்க. கிச்சன்ல இருந்து ஒண்ணு எடுத்தேன். கவிதா பார்த்துட்டா. அன்னிக்கே குப்பைக்குப் போயிடுச்சு."

"பால் பாத்திரம் எறக்கற இடுக்கிங்க, அக்கா!" என்றார் கவிதா. டாக்டராக இருந்தவள் அக்கா ஆகிவிட்டேன்.

"சரி, சாப்பாடு குடுக்காத நேரத்துல இவனைத் தொடுவீங்களா?"

"எதுக்குங்க? கொஞ்சறதெல்லாம் அவ டிபார்ட்மென்ட். சாப்பாடு என் டிபார்ட்மென்ட்."

அவ்வளவுதான், எல்லாம் விளங்கிவிட்டது. மகளின் கை எந்த நேரமும் வரும், தூக்கும், தடவும், போகும். அந்தக் கையில் ஒரு நாளும் எலி இருந்ததில்லை. அப்பாவின் கை வந்தால் எலி வரும். எலி இல்லாமல் அந்தக் கை வந்தது அபூர்வம். மேல்மூடி நகர்ந்து அவர் விரல் தெரிந்தால் முறுக்கைப் பொறுத்தவரை சாப்பாட்டு மணி அடித்தாயிற்று. பசி சாதாரணமாக இருந்தபோது எலியோடு விரலையும் லேசாகப் பிடித்தான். புரட்டாசிப் பட்டினியில், தொட்டி கழுவ வந்த வெறும் விரலே எலி ஆகிவிட்டது.

இதை நான் விளக்கிச் சொன்னதும் செந்திலின் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. "அப்ப நான் சோறு போடறதுனாலதான் என்னைக் கடிக்குதுங்களா? இதென்னங்க நியாயம்? மழையோ வெயிலோ, கடைக்குப் போறது நான். தொட்டி கழுவறது நான். இவ எடுத்துக் கொஞ்சறா, இவளை ஒண்ணும் பண்றதில்லை!"

"சோறு போடறவங்க மேலதான் வீட்டுல எல்லாரும் பாய்வாங்க," என்றார் கவிதா. "எனக்குத் தெரியாதா? 'இன்னிக்கும் ரசமா'ன்னு என்மேல நீங்க பாயறதில்லையா?"

யாழினிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்து முடியாமல் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். நான் அந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து அவள் சிரித்து அப்போதுதான் பார்த்தேன்.

நான் சொன்ன வைத்தியம் சின்னது. டிபார்ட்மென்ட்டை மாற்றுங்கள் என்றேன். இனிமேல் எலி கொடுப்பது யாழினி, அதுவும் நீளமான இடுக்கியால். என் பையிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தேன், அன்றைய எலியை அவளே ஊட்டினாள். செந்தில் எலி இருக்கும் பக்கமே போகக் கூடாது. அதற்குப் பதிலாக அவர் தினம் சாயங்காலம் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு மகளின் ரூமுக்குப் போக வேண்டும். ஒரு வளைந்த கம்பியால் முறுக்கின் உடம்பை மெல்லத் தொட வேண்டும். இது சாப்பாட்டு நேரம் இல்லை என்று அவனுக்கு அது சொல்லிவிடும். அப்புறம் பக்கவாட்டில் தாழ்வாகக் கையைக் கொண்டுபோக வேண்டும். மேலேயிருந்து இறங்கினால் பருந்து என்று நினைத்துக்கொள்வான். எப்படித் தூக்குவது என்பதை யாழினி சொல்லித் தருவாள்.

"சாயங்காலம் எனக்கு இந்தியா டீமோட கால் இருக்குங்களே," என்றார் செந்தில்.

"மியூட்ல போடுங்க."

"ஹி ஆல்வேஸ் ஃபர்கெட்ஸ் டு மியூட்," என்றாள் யாழினி. அம்மா வழியாக இல்லாமல் அப்பாவைப் பற்றி நேராக ஒரு புகார். அதையே நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டேன்.

ஆனால் செந்தில் கொங்கு நாட்டு ரோஷக்காரர், இறங்கி வரவில்லை. "ஃபோர்ட் வொர்த் லேடிகிட்டச் சொன்னது சொன்னதுதாங்க. அவங்க வர்ற அன்னிக்கு வெறுங்கையை உள்ள விடுவேன். கடிக்கலைன்னா இருக்கட்டும். கடிச்சா அன்னிக்கே குடுத்துடுவேன். யாழினி, ஓகேவா?"

யாழினி தொட்டியைப் பார்த்தபடி, "ஓகே," என்றாள். எனக்கு அந்தப் பந்தயம் கொஞ்சமும் பிடிக்கவில்லை. பாம்புக்குப் பரீட்சை வைக்க நாம் யார்? ஆனால் அது என் வீடு இல்லை, என் பெண்ணும் இல்லை. வாயை மூடிக்கொண்டு கிளம்பினேன்.

அடுத்த வாரங்களில் கவிதா அடிக்கடி போன் செய்வார். முதலில் செந்தில் கையுறை போட்டுக்கொண்டு போனாராம். அப்புறம் அதைக் கழற்றினாராம். "'மாம், டெல் டாட் டு கோ ஸ்லோ'ன்னு இருந்தது அக்கா, இப்ப 'ஸ்லோ, டாட்'னு வந்திருக்கு." இன்னொரு நாள் ரகசியக் குரலில், "ரெண்டு பேரும் ஒரு மணி நேரமா உள்ளேயே இருக்காங்க. என்ன பேசறாங்கன்னே தெரியலை. சாப்பாடு ஆறிட்டு இருக்கு" என்றார். முறுக்கு எடை ஏறிக்கொண்டிருந்தான். கடி எதுவும் இல்லை.

தீபாவளிக்கு முந்தைய சனிக்கிழமை ஃபோர்ட் வொர்த் அம்மாள் வருவதாக ஏற்பாடு. எடை பார்க்கிற சாக்கில் நானும் போனேன். யாழினியின் ரூமில் ஒரு அட்டைப்பெட்டி நிறைய முறுக்கின் சாமான்கள் தயாராக இருந்தன. தண்ணீர்க் கிண்ணம், ஒளிந்துகொள்ளும் மரப்பட்டை, எல்லாவற்றையும் அவளே துடைத்து அடுக்கியிருந்தாள். கட்டிலில் விறைப்பாக உட்கார்ந்திருந்தாள்.

தொட்டிக்குள் பார்த்தேன். முறுக்கின் கண் பால் படிந்தாற்போல் நீலம் பாரித்திருந்தது. தோல் உரிக்கப் போகிறான். அந்த நாட்களில் பாம்புக்குப் பார்வை மங்கிவிடும். எது வந்தாலும் பயம்தான். சாதுவான பாம்புகூடக் கடித்துவிடும். அந்த நேரத்தில் தொடவே கூடாது என்றுதான் எல்லோருக்கும் சொல்வேன், உங்களுக்கும் சொல்கிறேன். அத்தனை நாட்களில் பந்தயத்துக்கு இதைவிட மோசமான நாள் இல்லை.

"நாட் டுடே, அப்பா. ப்ளீஸ்," என்றாள் யாழினி.

"அவங்க ஃப்ரீவேல வந்துட்டு இருக்காங்க, கண்ணு."

"செந்தில், இன்னிக்கு வேண்டாம். அவன் கண்ணு—" என்று நான் ஆரம்பித்தேன்.

"தெரியுங்க டாக்டர். நேத்தே பார்த்துட்டேன். கண்ணு தெரியாது அவனுக்கு, பயந்துட்டு இருப்பான்." குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார். அந்தக் குரல் தாழ்ந்தது எனக்காக இல்லை, பாம்புக்காக. கொஞ்ச நாளைக்கு முன்னால் பயந்து உதறிய அதே கையை இப்போது தேய்த்துத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டிருந்தார். "குளுந்த கையில தொட்டாத் திடுக்குனு ஆயிடும்," என்றார்.

தடுக்க எனக்கு உரிமை இருந்தது. டாக்டர் நான். பாம்பின் பக்கம் பேச வேண்டியவளும் நான்தான். ஆனால் அந்தக் கைகளைப் பார்த்தபோது, இந்த மனுஷனைவிட நான் ஒன்றும் நன்றாகச் செய்துவிட மாட்டேன் என்று தோன்றியது. நகர்ந்து நின்றுகொண்டேன். சரியா தப்பா என்று அந்த நேரத்தில் எனக்குத் தெரியாது.

மூடியைச் சத்தமில்லாமல் நகர்த்தினார். கம்பியால் ஒருமுறை தொட்டார். முறுக்கு தலையைப் பின்னால் இழுத்துக் கழுத்தை வளைத்தான். கடிக்கப் போகிற பாம்பு அப்படித்தான் வளைக்கும். யாழினி வாயைப் பொத்திக்கொண்டாள். செந்தில் அசையவில்லை. காத்திருந்தார். மறுபடி தொட்டார். காத்திருந்தார். வளைவு மெல்ல மெல்லத் தளர்ந்தது. பக்கவாட்டில் கையைத் தரையோடு தரையாக வைத்துவிட்டு, அப்படியே விட்டுவிட்டார்.

நாக்கு வெளியே வந்தது. கட்டைவிரல் மேட்டில், பழைய தழும்பின்மேல் இரண்டு மூன்று முறை பட்டுப் பட்டுப் போனது. அப்புறம் முறுக்கு மெதுவாக உள்ளங்கையில் ஏறினான். மணிக்கட்டைத் தாண்டினான். செந்தில் முழுக்கைச் சட்டை போட்டிருந்தார், பட்டன் போடவில்லை. தோலுரிக்கிற பாம்புக்கு வேண்டியது இருட்டும் கதகதப்பும். தலையை அந்தச் சட்டைக் கைக்குள் விட்டு, பின்னாலேயே முழு உடம்பையும் இழுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டான்.

"கூசுது, கூசுது," என்று செந்தில் கிசுகிசுத்தார். அவர் கண்ணிலிருந்து தண்ணீர் ஓடியது. கூச்சத்தில் என்று அவர் இன்றைக்கும் சொல்கிறார்.

அப்போது காலிங் பெல் அடித்தது.

செந்தில் அப்படியே, கையை விறைப்பாக வைத்துக்கொண்டு, அடி மேல் அடி வைத்துப் போய்க் கதவைத் திறந்தார். வாசலில் ஒரு வெள்ளைக்கார அம்மாள், கையில் பிளாஸ்டிக் பெட்டி, முகமெல்லாம் சிரிப்பு. பாம்பு எங்கே என்று கேட்டாள். அதற்கு முன்னால் ஒரு விஷயம், வீட்டில் சின்னக் குழந்தைகள் இருக்கிறார்கள், இது கடிக்குமா என்றும் கேட்டாள்.

"ஓ, வெரி பேட்லி," என்றார் செந்தில், கொஞ்சமும் யோசிக்காமல். "டேஞ்சரஸ் ஃபெலோ. பைட்ஸ் எவ்ரிபடி. ஐ கேனாட் கிவ் யூ, மேடம். மை கான்ஷன்ஸ் வில் நாட் அலவ்."

அப்படிச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர் சட்டைக் காலருக்குள்ளிருந்து முறுக்கின் தலை மெதுவாக வெளியே வந்து, அவர் காதோரமாகச் சாய்ந்துகொண்டது. அந்த அம்மாள் அதைப் பார்த்தாள். இவரைப் பார்த்தாள். அப்படியே வெற்றுப் பெட்டியோடு காருக்குப் போய்விட்டாள். கவிதா பின்னாலேயே ஓடி மன்னிப்புக் கேட்டு, ஒரு டப்பா அதிரசம் கொடுத்துவிட்டு வந்தார்.

கதவைச் சாத்தியதும் யாழினி அப்பாவின் முன்னால் வந்து நின்றாள். சிரிப்பும் அழுகையுமாக, "அப்பா, யூ ஆர் எ லையர்!" என்றாள்.

"என்ன பொய்?" என்று செந்தில் கட்டைவிரலை அவள் முகத்துக்கு நேரே நீட்டினார். "கடிச்சானா இல்லையா? நீயே சொல்லு."

அவள் அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்து, தழும்பை உற்றுப் பார்த்து, "வலிக்குதா, அப்பா?" என்று கேட்டாள்.